இன்னொரு தடவை வாசிங்க

நீலகிரியில் எமரால்டு பக்கத்தில் எங்கள் ஊரில் இது நடந்து மூன்று வருடம் இருக்கும். காந்தி ஜெயந்தி அன்று காலை. ஆனால் அதற்கு முன்னால் என் சமையலறை ஜன்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவில் செல்போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம் அந்த ஜன்னல்தான். பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸம்மா குடியிருக்கிறார். அவருடைய அண்ணன் மகள் பொள்ளாச்சியிலிருந்து வந்து தங்கியிருந்தாள். கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிற பெண். இங்கே அமைதி கிடைத்தது, டவர் கிடைக்கவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் என் ஜன்னலுக்கு வெளியே தூறலில் நின்று பாடம் கேட்க ஆரம்பித்தாள். உள்ளே வா என்று கூப்பிட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மனசில்லாமல் இல்லை. கூச்சம்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தேன். வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் வாசலில் பேசுவார், நான் உள்ளே பொட்டலம் மடிப்பேன். அவர் போன பிறகும் கடையைக் கொஞ்ச காலம் நடத்தினேன். கேட்டதைக் கொடுப்பேன், அவ்வளவுதான். யாராவது வேகமாக ஏதாவது சொன்னால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன். அது என் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பெண் தினமும் வந்தாள். நான் ஒரு பக்கம் ரசம் வைக்க, இன்னொரு பக்கம் அவள் போனில் ஒருவர் மசோதா, அவசரச் சட்டம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று சொல்லிக்கொண்டே போவார். பாதி புரியாது. அவருக்கும் தலையாட்டுவேன். அவள் பார்த்துச் சிரிப்பாள். "அம்மிச்சி, அவருக்கு நீங்க தலையாட்டறது தெரியாதுங்க" என்பாள்.

ஒரு நாள் நேர்முகத் தேர்வுக்குப் பழக வேண்டும் என்று என்னைக் கேள்வி கேட்கிற அதிகாரியாக உட்காரச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் வெட்கம். பட்டாணி உரித்துக்கொண்டே, அவள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து எழுத்துக் கூட்டி ஒரு கேள்வி வாசித்தேன். அவள் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து, "மன்னிக்கணுங்க, கேள்வியை இன்னொரு தடவை சொல்ல முடியுங்களா" என்றாள்.

நான் தப்பாக வாசித்துவிட்டேன் என்று பயந்து தாளைக் கீழே வைத்துவிட்டேன். அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள், நான் பழகிப் பார்க்கிறேன், அங்கே எத்தனை பெரிய ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் புரியாவிட்டால் திருப்பிச் சொல்லச் சொல்லலாம் என்றாள்.

"மார்க்கைக் கொறைக்க மாட்டாங்களா கண்ணு?"

"புரியாமயே பதில் சொன்னாத்தானுங்க கொறைப்பாங்க."

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அன்று ராத்திரி படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காந்தி ஜெயந்திக்கு எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கிராம சபைக் கூட்டம். கிராம சபையைப் பற்றி அவள் பக்கம் பக்கமாகப் படித்திருந்தாள், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். என்னோடு கிளம்பிவிட்டாள். அவளுக்கு ஓட்டு பொள்ளாச்சியில் என்பதால் அவள் பேசவோ கை தூக்கவோ முடியாது. வெளியே ஜன்னலோரம் நின்று பார்ப்பதாகச் சொன்னாள். எங்கள் ஊரில் கிராம சபை என்றால் நோட்டில் கையெழுத்துப் போட்டு, டீயும் வர்க்கியும் வாங்கி, தீர்மானங்களை வாசித்து முடித்ததும் கை தட்டிவிட்டுக் கலைவது. நானும் வருடா வருடம் அப்படித்தான்.

அன்று கூட்டத்தில் நல்ல ஜனம். ஊராட்சித் தலைவர் இருந்தார். மேலிடத்திலிருந்து கூட்டத்தைப் பார்வையிட ஒரு அம்மா வந்திருந்தார். செயலர் தம்பி எழுந்து தீர்மானங்களை வாசிக்க ஆரம்பித்தார். நல்ல பையன்தான், ஆனால் வாசிப்பது மட்டும் கிளம்புகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி. குடிநீர்த் தொட்டி, கொசு மருந்து, பிளாஸ்டிக் என்று போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒருவர் கேரட் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் "ஊற்றுப் பாதை" என்று காதில் விழுந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன சொன்னார் என்று பிடிபடவில்லை. அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

ஊற்றுப் பாதை எங்கள் தெருவிலிருந்து தேயிலைக்கு நடுவே இறங்குகிற நடைபாதை. பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கு அதுதான் வழி. அது இல்லையென்றால் பெரிய ரோட்டைச் சுற்றிப் போக வேண்டும். அந்த ரோட்டு வளைவில் காலைப் பனியில் காட்டெருமை நிற்பது கண்ணுக்கே தெரியாது. முந்தின வருடம் அங்கேதான் ஒருவரை முட்டித் தள்ளி, அவர் இன்றைக்கும் கம்பு ஊன்றி நடக்கிறார்.

எல்லாவற்றையும் வாசித்து முடித்துச் செயலர் தம்பி நோட்டை மூடினார். முன்வரிசையில் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் கையும் பழக்கத்தில் மேலே வந்தது. தட்டவில்லை. அப்படியே தூக்கியபடி வைத்துக்கொண்டேன். "இன்னொரு தடவை வாசிங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் மகளிர் குழுத் தலைவி இருந்தாள். "என்னக்கா முணுமுணுக்கறீங்க? எந்திரிச்சுக் கேளுங்க, நானிருக்கேன்" என்று என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். எழுந்து நின்ற பிறகு உட்காரவும் வெட்கமாக இருந்தது.

"ஏனுங்க, அந்த ஊற்றுப் பாதைன்னு வாசிச்சீங்களே. எனக்குப் புரியலீங்க. அதை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க. மெதுவா."

பின்னால் ஒரு ஆண் குரல், "கடையில கால் கிலோ பருப்பு கேட்டாலே இந்தம்மா வாயில பதில் வராது, இன்னைக்குத் தீர்மானம் கேக்குது" என்றது. கூடமே சிரித்தது. காது சூடாகிவிட்டது. ஜன்னல் பக்கம் பார்த்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலைவர், தீர்மானமெல்லாம் நிறைவேறிவிட்டதே என்றார். மேலிடத்து அம்மா, ஒருத்தர் கேட்டாலும் வாசிக்க வேண்டியதுதானே என்றார். தம்பி நோட்டைத் திறந்தார்.

இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. புதர் மண்டி, நீண்ட காலமாகப் பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லாத ஊற்றுப் பாதையை, ஊராட்சி பராமரிக்கும் பாதைகளிலிருந்து நீக்கிவிடலாம் என்று.

முதலில் எழுந்தது என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆள்தான். "பயன்பாட்டுல இல்லீங்களா? இப்ப நான் எது வழியா வந்தேன், பறந்தா வந்தேன்?" என்றார். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாதைக்குப் பக்கத்தில் காட்டேஜ் கட்ட யாரோ இடம் வாங்கியிருப்பதை ஒருவர் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தலைவர் சொன்னார். உண்மை எது என்று எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லக் கூடாது. செயலர் தம்பி முகம் மட்டும் வாடிவிட்டது. எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தேன் என்றார்.

அந்தத் தீர்மானத்தை விட்டுவிட்டு, பாதையில் புதர் வெட்டிச் சரிசெய்வது என்று எழுதிக்கொண்டார்கள். அதையும் மெதுவாக வாசிக்கச் சொன்னார்கள். நான் இல்லை, ஊரே சொன்னது.

திரும்பும்போது அதே பாதையில் ஏறினோம். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதைத்தானுங்க நான் மூணு மாசமாப் படிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

புதர் வெட்டத் தை மாதம் ஆயிற்று. பாதைக்கு அன்று கேட்ட தெருவிளக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த வருடம் பரீட்சை கைகொடுக்கவில்லை, இப்போது சென்னையில் படிக்கிறாள். அங்கே எந்த ஜன்னலிலும் டவர் கிடைக்குமாம்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது பெரியவர்கள் என்னென்னவோ சொல்லிவிட்டு, சரிதானே என்று கேட்டார்கள். தலையாட்டினேன். கடையை விற்றபோது பத்திரத்தை வேகமாக வாசித்தார்கள். அதற்கும் ஆட்டினேன். கெட்டுப் போய்விடவில்லை. ஆனால் என்ன வாசித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும்போது, நான் எழுந்திருப்பதில்லை. கூச்சம் அப்படியேதான் இருக்கிறது, காது சூடாகிறது. அந்தக் கூச்சத்தோடேயே இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடித்து எனக்குப் புரிந்த பிறகுதான் ஊற்றுப் பாதையில் ஏறி வீட்டுக்கு வருகிறேன்.