வீட்டுக்காரரின் சேவல்

பிலிஸ்டா அஜுவாங் தீப்பெட்டி வாங்கினால்கூடக் கடையிலேயே திறந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். கோயிலில் பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால் ஒரு கண்ணை மட்டும் மூடுவாள். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"போன மாசம் வாசல்ல விட்ட செருப்பு போச்சு டீச்சர். ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டா கடவுளா வந்து தேடித் தரப்போறாரு?"

இந்த அஹெரோ ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், யாரை நம்புவது என்று தெரியாமல் ஜன்னலுக்கும் பூட்டுப் போட்டவள் நான். அவளோடு எனக்கு ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை. அன்றிலிருந்து நான் முட்டை வாங்குவது அவளிடம்தான்.

அவள் கணவர் ஸப்லோன் ஓவிதி மொம்பாசா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கு வருவார், யாராவது செத்தால் வருவார். நிலம் அவருடையது, வீடு அவருடையது, சோளம் அவருடையது. பிலிஸ்டாவுடையது என்று சொல்ல இருந்தவை கோழிகள் மட்டும். மகள் ஆகோத்தின் படிப்பு அந்த முட்டைகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் சேவல் அவளுடையது அல்ல. ஸப்லோன் தகப்பன் வளவிலிருந்து பிரிந்து தனி வளவு கட்ட வந்த அன்று, நெருப்பும் கோடரியும் இந்தச் சேவலும்தான் முன்னால் வந்தன. மறுநாள் விடியலில் அது கூவியது. அப்படிச் சேவல் கூவினால்தான் இந்த ஊர் வழக்கத்தில் புது வளவு வீடாகும். அந்தச் சேவலை அறுப்பதற்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு, வீட்டுக்காரர் இறந்த பிறகு. அதற்கு முன்னால் அது செத்தாலோ காணாமல் போனாலோ, ஊர் திரும்பிப் பார்ப்பது மனைவியின் முகத்தைத்தான்.

மழைக்காலத்தில் கோழிச்சீக்கு வந்து கூட்டில் பாதிக்குமேல் வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டைகள். கொஞ்ச நாளில் அவற்றின் முதுகில் இறகு உதிர ஆரம்பித்தது. பிறகு தோல் தெரிந்தது. ஒரு நாள் புள்ளிக்கோழி சிறகுக்கடியில் கிழிந்து, ரத்தம் காய்ந்த நிலையில் வந்து நின்றது.

"சுடுதண்ணி," என்றாள் பிலிஸ்டா. "யாரோ ஊத்துறாங்க."

யாரோ என்பது மெரேசியா. ஸப்லோனின் தம்பி ஓபொண்டோவின் மனைவி. கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. அவளுடைய அவரை நாற்றை இந்தக் கோழிகள் கிளறிய கதை ஊருக்கே தெரியும். பிலிஸ்டா வேலியோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒமேனா என்ற பொடிமீனில் கல் பொறுக்குவதுபோல உளவு பார்த்தாள். நாள் முழுக்க அதே கைப்பிடி மீன்.

"என்ன எட்டி எட்டிப் பாக்குற?" என்றாள் மெரேசியா. "என் வாசல்ல தங்கமா காயுது?"

"நீ தண்ணி காய வைக்கிறியே, எதுக்குன்னு பாக்குறேன்."

"குளிக்கிறதுக்கு! உங்க அலேகோவுல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதோ?"

அலேகோ பிலிஸ்டாவின் பிறந்த ஊர். கட்டிக்கொண்டு வந்து எத்தனை வருடம் ஆனாலும் அவள் இங்கே அலேகோக்காரிதான்.

அன்று முட்டைக்காகப் போன நானும் பக்கத்தில் உட்கார்ந்து மெரேசியாவின் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு அலறல். திரும்பினால், சேவல் புள்ளிக்கோழியின் பிடரியைக் கவ்வி மண்ணோடு அழுத்தி, மேலே ஏறி நின்று குதிமுள்ளால் விலாவைக் கிழித்துக்கொண்டிருந்தது. இறங்கியதும் அடுத்ததைத் துரத்தியது. அது ஓடி விறகுக்கடியில் நுழைந்தது.

பிலிஸ்டா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். பிறகு, "தினமும் பாக்குறதுதானே டீச்சர். சேவல்னா ஏறத்தானே செய்யும்னு விட்டுட்டேன்," என்றாள்.

சந்தையில் கால்நடை மருந்து விற்கும் ஓகோலாவிடம் போனோம். "பெட்டை நிறைய இருந்தப்ப அத்தனைக்கும் பங்கு போச்சு. இப்ப மொத்தமும் இருக்குறதுங்க மேல விழுது," என்றார் அவர். "பெட்டை வாங்கி விடு. இல்ல, சேவலைச் சட்டியில போடு."

பிலிஸ்டா பின்னால் திரும்பிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க. நான் கேக்கவே இல்ல, நீங்களாத்தான் சொன்னீங்க. டீச்சர் சாட்சி."

சீக்கு இன்னும் ஊரில் இருந்ததால் புதுக்கோழி வாங்க வழியில்லை. கம்பி வலை அடித்து, சேவலைத் தனியே அடைத்தாள். மாலைக்குள் ஓபொண்டோ வந்துவிட்டான்.

"அலேகோக்காரியே, எங்கண்ணனை ஜெயில்ல போட்டுட்டியா?"

"உங்கண்ணன் மொம்பாசாவுல லாரி ஓட்டுறாரு. இது சேவல்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு உனக்குத் தெரியாதா? இது இளைச்சா அவன் இளைப்பான்."

சேவலும் அவன் பக்கமே சேர்ந்துகொண்டது. உள்ளே தீனியைத் தொடவில்லை. கொண்டை வெளிறிப் போயிற்று. பயந்துபோய்த் திறந்துவிட்டாள். வந்ததும் முதல் வேலையாகப் புள்ளிக்கோழியைப் பிடித்தது. அந்த வாரமே புள்ளிக்கோழி செத்தது.

பெரிய பண்ணைகளில் பெட்டைகளின் முதுகில் கெட்டித்துணி கட்டுவார்கள் என்று ஓகோலா சொன்னார். பிலிஸ்டா வீட்டைத் துழாவினாள். கெட்டியாக இருந்தது ஸப்லோனின் பழைய காக்கிக் கால்சட்டை ஒன்றுதான். அதை வெட்டி, சிறகு நுழைய ஓட்டை வைத்து, கழுத்துக்கு வார் வைத்துத் தைத்தாள். கோழிகள் முதலில் பின்பக்கமாகவே நடந்தன. பிறகு பழகின. துணிக்கடியில் புண் ஆறியது, குருத்து இறகு முளைத்தது. முட்டை மறுபடி வர ஆரம்பித்தது.

சூனியம் என்ற ஊர்ப்பேச்சும் கூடவே வந்தது. பகலில் சட்டை போட்ட கோழி இரவில் என்னவாக மாறும் என்று சந்தையில் கேட்டார்கள். என்னையும் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் கடைக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓபொண்டோ ஒரு கோழியைப் பிடித்துத் தூக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் முதுகில் ஒரு பாக்கெட் இருந்தது, பித்தானோடு.

"இது எங்கண்ணன் பாக்கெட். கோழி முதுகுல இதுக்கு என்ன வேலை? ஆம்பளை உடம்புல கிடந்த துணியை வெட்டி, அவன் சேவல் மிதிக்கிற இடத்துல கட்டி வெச்சிருக்க. இதுக்கு என்ன பேருன்னு நான் சொல்லணுமா?"

"கிழிஞ்ச கால்சட்டைன்னு பேரு," என்றாள் பிலிஸ்டா. அவன் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை அலேகோவுக்குத் துரத்திடுவாங்க டீச்சர். கோழியை வெச்சுக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன்?"

ஓபொண்டோ போன் செய்திருக்க வேண்டும். பண்டிகையும் இல்லை, சாவும் இல்லை. ஸப்லோன் பையோடு வந்து நின்றார். கஞ்சி கொடுத்தாள். அவர் குடிக்காமல் கிண்ணத்தையே பார்த்தார். அவள் திரும்ப வாங்கி, தான் ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாள். அப்புறம்தான் குடித்தார்.

மறுநாள் நாற்காலியை முற்றத்தில் போட்டு, ஒரு கோழியின் சட்டையைத் தானே கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நான் முட்டை வாங்க வந்ததுபோலப் போய் நின்றேன். சேவல் வந்தது. கோழி அலறியது. ஸப்லோன் எழுந்து போய்ச் சேவலை இழுத்துப் பிரித்து, அதன் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"முள்ளு இவ்வளவு நீளமா வளந்திருக்கு. நுனியைக் கழிக்காம விட்டது யாரு?"

"கழிக்கிறதா? உங்க சேவல் கால்ல நான் ரம்பம் வெச்சா, என் கழுத்துல எதை வெப்பாங்க?"

அவர் சிறு ரம்பம் எடுத்து வந்தார். "ஆகோத் அம்மா, காலைப் பிடி."

பிலிஸ்டா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "டீச்சர், என் கை எங்க இருக்குன்னு பாத்துக்குங்க."

ஒற்றைக் கையால் பிடித்து, ஒற்றைக் கையால் அறுத்தார். முதல் முள் நன்றாக வந்தது. இரண்டாவதில் அடியோடு இறங்கிவிட்டார், ரத்தம் கொட்டியது. சாம்பல் வைத்து அழுத்தினார். சேவல் நொண்டிக்கொண்டு போயிற்று.

அடுத்த நாள் அவருக்குக் காய்ச்சல். பல் தந்தியடித்தது. செய்தி கேட்டு வளவு நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். ஓபொண்டோ நடு முற்றத்தில் நின்றான்.

"எல்லாரும் பாருங்க. அங்க சேவல் நொண்டுது, இங்க அண்ணன் நடுங்குறான். நான் அப்பவே சொன்னேன்."

அத்தனை கண்ணும் பிலிஸ்டா மேல் இருந்தன. அவள் கதவோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் யார் என்று மனதில் குறித்துக்கொள்வதுபோல. சாட்சி சொல்ல வேண்டிய நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஸப்லோன் போர்வையோடு எழுந்து வாசலுக்கு வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டேய், அறுத்தது நான். இவ தொடவே இல்ல. அந்தக் கால்சட்டை நான் தூக்கிப் போட்டது. கோழிங்க போட்டுக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. எனக்கு வந்திருக்கிறது கொசுக் காய்ச்சல். வருஷா வருஷம் வருது. இவளை முறைச்சது போதும், ஆஸ்பத்திரிக்கு வண்டியைப் பாரு."

ஓபொண்டோ வண்டி பார்க்க நகர்ந்தான்.

"ஆகோத் அப்பா," என்றாள் பிலிஸ்டா. "இன்னொரு தடவை சொல்லுங்க. மெரேசியா வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறா, கேட்டிருக்காது."

"காய்ச்சல்ல நிக்க முடியலடி."

"சத்தமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, முழுவதையும் மறுபடி கத்தினார். வேலிக்கு அப்பாலிருந்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்றாள் மெரேசியா எரிச்சலோடு. அதற்குப் பிறகுதான் பிலிஸ்டா போய் அவரைத் தாங்கிப் பிடித்தாள்.