பாக்கியத்துக்கு ஒரு சொல்

போன கிழமை என் தங்கையின் மகள் ஒரு கேள்வி கேட்டாள். சமூகவியல் படிக்கிறாள். வெள்ளவத்தையில் என்னுடைய பிளட்டில்தான் தங்கியிருக்கிறாள். ஒரு கையில் கட்லட், மற்றக் கை மடிக்கணினியில். காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தத்துக்கு மேலால் கத்தினாள்.

“பெரியம்மா, சமுதாயம் கவனிக்காமல் விட்ட ஆக்களுக்குத் தமிழில என்ன சொல்லுறது? நல்ல சொல்லா ஒண்டு சொல்லுங்கோ.”

“விளிம்புநிலை மக்கள் எண்டு போடு.”

“அது எல்லாரும் போடுறது. வேற?”

வேறா? ஒரு காலத்தில் இந்தச் சொற்களைத் தேடித்தான் நான் சம்பளம் வாங்கினேன். நாலைந்தை அடுக்கிச் சொன்னேன். அவள் ஒன்றைப் பொறுக்கி எடுத்துத் தட்டச்சு செய்துவிட்டு, அடுத்த கட்லட்டுக்காகக் குசினிக்குப் போனாள். எனக்குத்தான் அன்று முழுக்க மாசிக் கருவாட்டு மணம் மூக்கை விட்டுப் போகவில்லை.

சொல்லுக்கும் மாசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் முதல் வேலை பார்த்த இடம் கொட்டாஞ்சேனையில் ஒரு மாசிக் கடைக்கு மேல்மாடி. சின்னத் தொண்டு நிறுவனம். மூன்று மேசை, ஒரு காற்றாடி. ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளைத் தமிழாக்குவது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், தமிழ் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று ஒரு நினைப்பு வேறு. நாங்கள் அனுப்பிய தாள்களெல்லாம் மாசி மணத்தோடுதான் கடல் கடந்தன. வெளிநாட்டுக்காரர் பார்க்க வரும் நாட்களில் பணிப்பாளர் சாம்பிராணி போடச் சொல்வார். மாசியும் சாம்பிராணியும் கலந்த அந்த மணத்தை நீங்கள் அனுபவித்திருக்கமாட்டீர்கள். வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அது ஏதோ எங்கள் சமயச் சடங்கு என்று எண்ணிக் கைகூப்பினாள்.

பணிப்பாளர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். நல்ல மனிதர். சொல் என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்குப் பயம் பிடித்துவிடும். ‘ஆதரவற்றோர்’ என்று எழுதினால், “நாங்கள் ஆதரவு குடுக்கிறம்தானே, பிறகென்ன அற்றோர்?” என்பார். ‘பின்தள்ளப்பட்டோர்’ என்று எழுதியபோது கண்ணாடியைக் கழற்றினார்.

“தள்ளப்பட்ட எண்டு எழுதினால், ஆர் தள்ளினது எண்டொரு கேள்வி வரும் பிள்ளை. அது எங்களுக்குத் தேவையில்லை.”

கடைசியில் ‘நலிவுற்றோர்’ என்று முடிவானது. அந்தச் சொல்லில் யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை. காய்ச்சல் வந்த மாதிரி, தானாக வந்த நலிவு.

அந்தச் சொல்லை முதன்முதல் வாய்விட்டு வாசித்துக் காட்டியது பாக்கியமக்காவுக்கு. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் செடி கொடி என்று நினைத்துவிடாதீர்கள். வரிசை வரிசையாகப் பலகைச் சுவரும் தகரக் கூரையும் வைத்த அறைகள், நடுவில் ஒரு ஆள் நடக்கும் ஒழுங்கை. அங்கேதான் பாக்கியமக்கா ஓர் அறையில் இருந்தார். பின்னேரங்களில் கடலை வடை சுட்டுத் துறைமுகத்து வேலைக்காரருக்கு விற்பார். முதல் ஈடு எங்கள் மேல்மாடிக்கு வரும்.

“நலிவுன்னா என்னா மிஸ்ஸு? வியாதியா?”

“இல்லையக்கா. மெலிஞ்சு, சோர்ந்து போறது மாதிரி.”

அவர் குனிந்து தன் உடம்பைப் பார்த்தார். சுட்ட வடையில் பாதியை உப்புப் பார்த்தே வளர்த்த உடம்பு. வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நானா மெலிஞ்சிருக்கேன்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

அவருடைய தமிழில் மூன்று ஊர்கள் இருந்தன. பிறந்தது மலைநாட்டில். விவரம் தெரியாத வயதில், யாரோ ஒரு மாமா ரயிலில் கூட்டிவந்து வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அங்கே பாத்திரம் கழுவி, பிள்ளை வளர்த்து, ஆமாவுக்குப் பதில் ‘ஓம்’ போடப் பழகினார். கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. பாக்கியமக்கா அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். அங்கே சிங்களமும் சேர்ந்துகொண்டது. “தோட்டத்துல பொறந்தேன், தோட்டத்துலயே கெடக்குறேன்” என்று சொல்லுவார். புலம்பலாக இல்லை, பஸ் எந்தப் பாதையால் போகும் என்று சொல்வது போல.

வெள்ளவத்தைக் குடும்பம் அவரை எப்படிச் சொல்லும் என்று ஒருநாள் கேட்டேன். ‘எங்கட பிள்ளை மாதிரி’ என்று சொல்வார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மொழிபெயர்ப்பாளர் புத்தி எனக்கு. அந்த ‘மாதிரி’யிலேயே நின்றுவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காதது நல்லது என்றும் பட்டது.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் தோட்டத்தை உடைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அங்கிருப்போருக்கு உயரமான மாடிக் கட்டடத்தில் வீடு கொடுப்பார்களாம். தோட்டமே கலகலத்தது. லிப்டில் போகும்போது தலை சுற்றுமா, மேலே தண்ணீர் ஏறுமா, கோழி வளர்க்கலாமா என்று ஒரே கதை. பாக்கியமக்காவும் வடை எண்ணெய்ச் சட்டியை எந்த யன்னலோரம் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

பிறகுதான் தெரிந்தது, வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் வீடு. பாக்கியமக்காவுக்குப் பெயர் இல்லை. அடையாள அட்டை இல்லாததால் பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அவர் இருந்த அறையே பக்கத்து அறைப் பியசீலியுடையது. பியசீலி சிங்களப் பெண், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இரண்டு பேரும் அக்கா தங்கை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

பணிப்பாளரிடம் போனேன். அவர் உண்மையிலேயே கலங்கிப்போனார். “ஒரு சொல்லைப் பிடியும் பிள்ளை. அதுக்குள்ள அவவைக் கொண்டுபோய் இருத்துவம்” என்றார். அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. இடம்பெயர்ந்தவர் என்றால், எந்தப் போரில், எந்த ஊரிலிருந்து என்று கேட்பார்கள். விதவை என்றால் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. முதியவர் என்றால் வயதுக்கு அத்தாட்சி வேண்டும். தோட்டத் தொழிலாளர் என்றால் அவர் கொழுந்தே பறித்ததில்லை. வீடற்றவர் என்றால் இப்போதைக்கு ஒரு கூரை இருக்கிறது. நான் மினுக்கி வைத்திருந்த சொற்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றிலும் அவர் அமரவில்லை. பாக்கியமக்காவோ, “சும்மா பாக்கியம்னு போடுங்களேன் மிஸ்ஸு” என்றார்.

இரண்டு பேருமாக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அவர் தன்னிடமிருந்த நல்ல சேலையை உடுத்து, தலைக்கு எண்ணெய் தடவி வந்திருந்தார். யன்னலுக்கு அப்பால் இருந்த உத்தியோகத்தர் இளைஞர், மரியாதையானவர்.

“அய்டென்டிட்டி எக்க தியெனவத?” அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

“நே மாத்தயா”, இல்லை ஐயா, என்று பாக்கியமக்கா சொல்லிவிட்டு, ஏதோ தவறு செய்தவர் போல் முந்தானையைச் சரிசெய்தார்.

நான் விளக்கினேன். கையில் கொண்டுபோன எங்கள் நிறுவனத்துக் கடிதத்தை அவர் கவனமாக வாசித்தார். பிறகு எழுந்து நின்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: உப குடியிருப்பாளருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை, எங்கே பிறந்தார் என்று கண்டுபிடித்தால், பிந்திய பதிவு ஒன்று செய்து, அட்டை எடுத்துவிட்டு வாருங்கள். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சண்டை பிடிக்கவாவது ஒரு பிழை இருந்திருக்கலாம்.

எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்பது பாக்கியமக்காவுக்குத் தெரியாது. ‘கீழ்க்கணக்கு’ என்ற ஒரு வார்த்தைதான் ஞாபகம். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்பார்கள். அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் ஒரு கீழ்க்கணக்கு இருக்கும். ரயிலில் யாரோ தோடம்பழம் உரித்துத் தந்தது ஞாபகம். அவ்வளவுதான்.

வெள்ளவத்தைக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும் என்று, அலைந்து கனடா இலக்கம் ஒன்றைப் பிடித்தேன். அலுவலகத் தொலைபேசியில் எடுத்தோம். அந்த வீட்டுக் கடைசி மகன், பாக்கியமக்கா தூக்கி வளர்த்த பிள்ளை, பேசினார்.

“பாக்கியமோ? ஐயோ, அவ உயிரோட இருக்கிறாவோ? அவ எங்கட ஆளெல்லே” என்றவர் அப்படியே அழத் தொடங்கினார். நான் தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். “அப்பாக்குத்தான் தெரியும். அப்பா இப்ப இல்லையே. அம்மாவுக்கு நினைவில்லை, என்னையே ஆர் எண்டு கேக்கிறா.”

ரிசீவரைப் பாக்கியமக்காவிடம் கொடுத்தேன். அந்த மாமா யார், எந்த ஸ்டேஷனில் ஏறினது, ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்கும்படி முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

“சின்னத்தம்பியா? நான் பாக்கியம். அங்க குளிராமே. இழுப்பு வருதா தம்பி? மருந்து பம்ப் கிட்டவே வெச்சிருக்கீங்களா?”

அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசி முடித்து ரிசீவரைச் சேலையால் துடைத்து வைத்தார். “குரலு அவங்க அப்பா மாதிரியே இருக்கு மிஸ்ஸு” என்றார். பணிப்பாளர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். கீழே யாரோ மாசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

லொறிகள் வந்த நாளில் நான் போய் நின்றேன். நான் நின்று என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் போனேன். கட்டில், அலுமாரி, சாமிப்படம், புத்தர் சிலை, மாதா சொரூபம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. பாக்கியமக்காவின் சாமான் எண்ணெய்ச் சட்டி, ஒரு தகரப் பெட்டி, பாய். பியசீலி ஒன்றும் கேட்காமல் அவற்றைத் தூக்கித் தன் லொறியில் வைத்தார்.

“அப்பித் எக்க யமு அக்கே” என்றார். எங்களோடு வாங்க அக்கா.

பியசீலிக்குக் கிடைத்தது சின்ன வீடு. அதில் மகள், மருமகன், கைக்குழந்தை. பாக்கியமக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரோ, சும்மா பார்த்தாரோ. நான் தலையை மட்டும் ஆட்டினேன். லொறி போய்விட்டது.

இரண்டு முறை மாடிக்குப் போய் அவரைப் பார்த்தேன். வீட்டுக்குள் எண்ணெய் புகை கூடாதென்று வடை நின்றுபோயிருந்தது. வீட்டுக்கு வெளியே, மாடி நடைபாதையில் விரித்த பாய்தான் அவருடைய படுக்கை. மெலிந்திருந்தார். குழந்தைக்கு உடுப்பு மடித்தபடி, “நல்லாத்தான் பாக்குறாங்க மிஸ்ஸு. எடந்தான் பத்தல” என்றார்.

மூன்றாம் முறை போனபோது அவர் இல்லை. களனிப் பக்கம் தெரிந்த ஒரு பெண் சமையலுக்குக் கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டு, தகரப் பெட்டியோடு போனாராம். பியசீலி தடுத்தாராம், கேட்கவில்லையாம். அந்தப் பெண் யார், எந்த வீதி, ஒன்றும் தெரியாது. பியசீலியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை களனிக்குப் போய், விகாரைக்குப் பக்கத்துப் பூக்கடைகளிலும் ஆற்றோரக் குடியிருப்புகளிலும் விசாரித்தோம். வடை விற்கிற, தமிழ் பேசுகிற, பருத்த அம்மா என்று சொல்லிவிட்டு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இப்போது பருமனும் இல்லையே. இவரை எப்படிச் சொல்லி விசாரிப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு பொலிஸில் சொல்லலாம் என்று போனோம். அங்கிருந்தவர் அலுப்புப்படாமல் கேட்டார். முழுப் பெயர்? பாக்கியம். தகப்பன் பெயர்? தெரியாது. அட்டை இலக்கம்? இல்லை. படம்? ஒருமுறையும் எடுத்ததில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மிஸ்கே கவுத?” உங்களுக்கு அவர் யார்?

“அந்துனன கெனெக்” என்றேன். தெரிந்த ஒருவர்.

அவர் பியசீலியிடமும் அதையே கேட்டார். பியசீலி “அக்கா” என்றார். தாளில் எழுதிய தமிழ்ப் பெயரையும் பியசீலியின் முகத்தையும் அந்தப் பொலிஸ்காரர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரிகளிலும் கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டோம்.

நீங்கள் இப்போது கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால், மாசிக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். நிறுவனம் நிதி நின்று மூடப்பட்டது, பணிப்பாளர் காலமாகிவிட்டார். தோட்டத்தைச் சுற்றித் தகரம் அடித்து, நீலக் கண்ணாடிக் கோபுரம் ஒன்றின் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கோபுரம் இன்னும் வரவில்லை. உள்ளே இடுப்பளவு புல்.

பியசீலி சில வருடங்கள் வரைக்கும் புது வருடத்துக்கு என்னைத் தொலைபேசியில் அழைப்பார். “அக்கா ஆவொத் மம கியன்னங்” என்றுதான் முடிப்பார். அக்கா வந்தால் சொல்கிறேன். அந்த அழைப்பும் ஒரு வருடம் வரவில்லை. நான் எடுத்தபோது, அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் மூன்று மொழியிலும் சொன்னது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தவர்கள் புதியவர்கள். முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது என்றார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை. படியால் இறங்கி வரும்போதுதான் எனக்கு விளங்கியது, பாக்கியம் என்று ஒருவர் இங்கே இருந்தாரே என்று போய் நின்று கேட்க, இந்த ஊரில் இனி எனக்கு ஒரு வாசலும் இல்லை.