ஆடி வெயிலின் நிறம்

"அண்ணாச்சி, அங்கயே நில்லுங்க. அந்தச் சட்டையோட உள்ள வராதீக."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அன்றைக்கு நான் போட்டிருந்தது மாம்பழ மஞ்சளில் ஒரு சட்டை. மருமகன் எடுத்துக் கொடுத்தது, ஒன்றும் மோசமில்லை. வெங்கடேஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். ஆணியில் சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று இரண்டு மேல்சட்டைகள் தொங்கின. ஒன்றை எடுத்து என் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

"ஒங்க மஞ்சள் அம்புட்டும் ஸ்கிரீன்ல ஏறிரும். பொறவு படத்துல மஞ்சள் கூடிப் போச்சுன்னு நான் கொறைச்சுக்கிட்டே கெடப்பேன்" என்றாள். வீடு என்னுடையது. மாடியறையை அவளுக்கு வாடகைக்கு விட்டவன் நான். என் வீட்டுக்குள் நான் நுழைய இத்தனை கெடுபிடி!

அறைச் சுவரும் சாம்பல்தான். குடிவந்த வாரமே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதாகப் பேர் பண்ணிவிட்டு அடித்துவிட்டாள். அவளும் வேலை நேரத்தில் சாம்பல் சேலைதான் கட்டுவாள். பொட்டுக்கூடக் கறுப்பில், கடுகளவு. இராஜபாளையத்தில் ஒரு தெரு இதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று சொல்லவா வேண்டும்? மில்லுக்குப் போகிற எதிர்வீட்டு வெள்ளத்தாய் ஒருநாள் என் மனைவியிடம் வந்து குரலை இறக்கி, "பாவம்க்கா, இம்புட்டுச் சின்ன வயசுல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வெங்கடேஸ்வரியின் வீட்டுக்காரன் சங்கிலிப்பாண்டி மீன் பையோடு பைக்கில் வந்து இறங்கினான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஆறடி ஆள். வெள்ளத்தாய் போட்டது போட்டபடி எழுந்து ஓடினாள். இன்றைக்கும் அவனைத் தெருவில் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால், "வெளிறிப் போன படத்துக்கு வைத்தியம் பாக்குறேன்" என்பாள். பழைய கலர் பிலிம் நாள்பட்டால் நீலமும் பச்சையும் ஓடிப்போய் வெறும் ரோஸ் நிறத்தில் நிற்குமாம். வானம் ரோஸ், மரம் ரோஸ், மாடும் ரோஸ். சென்னையில் ஒரு நிறுவனம் அப்படிப்பட்ட ரீல்களை ஊர் ஊராகத் தேடி வாங்கி ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, அந்தக் காட்சிகளை இவளுக்கு அனுப்பிவைக்கிறது. இவள் இங்கே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காட்சிக்கும் பழைய நிறத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறாள்.

அதற்கு அவள் வைத்திருக்கிற முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காட்சியைத் திறந்ததும் முதலில் கேட்கிற கேள்வி, "இதுல யாரு சாச்சி?" என்பதுதான். சாட்சி என்றால், எப்போதும் ஒரே நிறத்தில் இருக்கிற பொருள் ஒன்று படத்தில் வேண்டும். தபால் பெட்டி, காக்கை, வாழையிலை, எருமை. அது சரியான நிறத்துக்கு வருகிற வரைக்கும் மொத்தப் படத்தையும் திருகினால், மற்றதெல்லாம் தன்னால் சரியாகிவிடும். "காக்கா பொய் சொல்லாதுல்ல அண்ணாச்சி. சேலை சொல்லும், சுவரு சொல்லும். மனுசன் மூஞ்சி இருக்கே, அது கூசாமப் பொய் சொல்லும்."

மூஞ்சியைப் பற்றி அவள் இப்படிப் பேசக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு முன் அவள் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்துகொண்டிருந்தாள். அங்கே வருகிறவர்கள் பாட்டு மாற்றச் சொல்வார்களோ இல்லையோ, பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்லாமல் போகமாட்டார்கள். "எம்புட்டுப் புள்ளைகளை வெளுத்திருப்பேன்! துணி வெளுக்குறவுகளே அம்புட்டு வெளுத்திருக்க மாட்டாக. பழகிப் பழகி, மூஞ்சியைக் கண்டாலே கை தன்னால வெளிச்சத்தைத் தூக்கும்." தன் சொந்தக் கல்யாண ஆல்பத்தில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. சங்கிலிப்பாண்டிக்கு அதில் இன்னும் மனத்தாங்கல். தன்னையாவது கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கலாம் என்பான்.

வேலை நடுவில் திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவாள். "கண்ணு அவிஞ்சு போச்சு. செத்த மலையைப் பாத்துட்டு வாரேன்" என்று மொட்டை மாடிக்குப் போய், மேற்கே அய்யனார் கோவில் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். மலையைப் பார்த்தால் கண்ணில் ஒட்டின கலரெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுமாம். இறங்கி வரும்போது முகம் தெளிந்திருக்கும். பெரும்பாலும் ஒரு பாட்டும் கூட வரும், சுருதி சேராமல்.

போன மாதம் அவளுக்கு வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் ரீல். வெளியூர் படங்களையே பார்த்துப் பார்த்துச் சலித்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஆடிப்பூரத் தேர். பம்பாயில் இருந்த ஒருவர் கேமராவோடு ஊருக்கு வந்தபோது எடுத்தது. அவருடைய அண்ணன் மகள் பெருந்தேவி மாமி அந்த ரீலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரமாக வைத்திருந்து நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார். வெங்கடேஸ்வரி பக்கத்து ஊர்தான் என்று தெரிந்ததும் மாமி நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார்.

மாமி அரக்குப் பட்டில் வந்து இறங்கினார். அவருக்கு நம் மேல்சட்டையை நீட்ட முடியுமா? வெங்கடேஸ்வரி ஒரு சாம்பல் போர்வையை எடுத்து மாமியின் தோளோடு சுற்றிவிட்டாள்.

"என்னடி இது, முடிவெட்டப் போறாப்ல போத்தறே?"

"ஒங்க பட்டு ரொம்ப அழகு மாமி. அதான் பயமா இருக்கு."

மாமி சிரித்தார். பிறகு தான் வந்த காரணத்தைச் சொன்னார். அந்த ரீலில் அவருடைய அம்மா இருக்கிறார். மாமிக்கு ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டவர். வீட்டில் இருப்பது ஒரேயொரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம், அதுவும் பவுடர் அப்பினது. "ரோஜாப்பூவாட்டம் இருப்பாளாம். அத்தைகள் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தா. அப்படிப்பட்டவ வயித்துல நீ யாரைக் கொண்டுடி இப்படிக் கறுப்பா பொறந்தேன்னு கேக்காத நாள் கிடையாது. அந்த ரோஜாப்பூவை ஒரு தரம் கலர்ல பாத்துடறேனே."

அந்த ரீலுக்கு வெங்கடேஸ்வரி பிடித்த சாட்சி, ஆண்டாள் கையில் இருக்கும் கிளி. தேரில் ஏற்றுவதற்காக ஆண்டாளைத் தூக்கி வருகிற காட்சியில் அது தெளிவாகத் தெரிகிறது. தினமும் புதிதாக இலையில் கட்டுகிற கிளி. அன்றைக்கும் அதே இலை, இன்றைக்கும் அதே இலை. இவள் ஒரு சாயங்காலம் கோவிலுக்குப் போய், புதுக்கிளியை நன்றாகப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு வந்து, திரையில் கிளி பச்சைப்பசேல் என்று வருகிற வரைக்கும் நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கியிருந்தாள். வேறு ஊர்க்காரர் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. எனக்கே பெருமையாக இருந்தது.

படம் ஓடியது. வாசலில் தாம்பாளத்தோடு ஒரு பெண் நின்றார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டார். செக்கச்செவேல் என்று இருந்தார்.

மாமி வெகுநேரம் பார்த்தார். "நன்னா இருக்கா. அவா சொன்னது வாஸ்தவந்தான்" என்றார். "நான்தான் யாரைக் கொண்டோ." பிறகு, போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். என் மனைவி போட்டுவைத்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. அறுபதைத் தாண்டிய பெண்மணி சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு ஆட்டோவில் ஏறியது எனக்குச் சங்கடமாக இருந்தது.

ரெண்டு நாள் கழித்து மேலேயிருந்து சத்தம். "அண்ணாச்சி! சீக்கிரம் வாங்க. சட்டை எந்தக் கலரா இருந்தாலும் பரவாயில்ல!"

விஷயம் பெரிதுதான் என்று ஓடினேன். திரையில் தேர் வடம் பிடிக்கிற கூட்டம் நின்றது.

"இவுகளைப் பாருங்க. எப்புடி இருக்காக?"

"நல்லாத்தானே இருக்காங்க."

"நல்லா இருக்காகளா? காஷ்மீர்ல இருந்து வந்தவுக மாதிரில்ல இருக்காக! ஆடி வெயில்ல சட்டையில்லாம வடம் புடிக்கிறவன் எவனாச்சும் இந்த நெறத்துல இருப்பானா? ஒருத்தன் ரெண்டு பேருன்னா சரி. அம்புட்டுப் பேருமா?"

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. சாட்சி சரியாக இருந்தால் இது எப்படித் தப்பாகும்? மறுநாள் காலையில் சங்கிலிப்பாண்டியின் பைக்கில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். வெயில் ஏறுகிற நேரத்தில் தலையில் கை வைத்தபடி திரும்பி வந்தாள்.

"கிளியை சாயங்காலம்ல சாத்துறாக. மறுநாள் காலையில கையில இருக்கிறது முந்தின நாள் கிளி. இன்னைக்கு அதைப் பிரசாதமா வாங்கிட்டு வந்த ஒரு அம்மாகிட்ட கெஞ்சி வாங்கிப் பாத்தேன். வதங்கி, கறுத்துப் போய்க் கெடக்கு. தேரு காலையில. அப்போ படத்துல இருக்கிறது வாடுன கிளிதான? வாடுன கிளியைப் புதுக்கிளி ஆக்குறேன்னு வெளிச்சத்தைத் தூக்கி, ஒரு தெரு சனத்தையே வெளுத்துப்புட்டேன் அண்ணாச்சி! சின்னப் புள்ளையில இருந்து தெரிஞ்ச சங்கதி. கை பழக்கதோசம், கோட்டை விட்டுட்டேன்."

திருத்துவது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. வடம் பிடித்தவர்களைத் திருத்தினால் வாசலில் நிற்கிற மாமியின் அம்மாவும் கறுத்துவிடுவார். அதுதான் சிக்கல்.

சங்கிலிப்பாண்டி தலையிலடித்துக்கொண்டான். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா? ஒரு பொம்பளைகிட்டப் போயி, ஒங்கம்மா செவப்பு இல்ல, கறுப்புன்னு சொல்லப் போறியா? அவியளே பாத்துச் சரின்னுட்டாக. அப்புடியே சென்னைக்கு அனுப்பிவிட்டுட்டுப் போ."

"அனுப்பிட்டா அதான் நெசம்னு ஆயிரும்ல. நாளைக்குப் பாக்குறவனுக்கு அந்தம்மா யாரோ ஒருத்தியாப் போயிரும்."

"மாமி மனசு?"

அவள் மலையைப் பார்க்க மாடிக்குப் போனாள். அன்றைக்கு இறங்கி வரும்போது பாட்டு இல்லை. பயந்திருந்தாள், பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் போனை எடுத்து, "மாமி, என் வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சு. மனசு வச்சு இன்னொருக்கா வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

மாமி வந்தார். இந்தத் தடவை அவரே போர்வையை வாங்கிச் சுற்றிக்கொண்டார். "அதான் நன்னாருக்குன்னேனேடி. இன்னும் என்ன?"

வெங்கடேஸ்வரி ஒன்றும் விளக்காமல் படத்தை ஓட்டினாள். ஆண்டாள் வந்தாள். கையில் கிளி வாட்டமாக இருந்தது. வடம் பிடிப்பவர்கள் கருகருவென்று வந்தார்கள். அவர்கள் முதுகில் வியர்வை வழிவது இப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் காலை வெயில் எப்படிச் சுட்டிருக்கும் என்றுகூடத் தெரிந்தது.

பிறகு வாசல், தாம்பாளம், மாமியின் அம்மா. நல்ல கறுப்பு. முந்தின தடவை வெளுப்பில் தெரியாமல் போன மூக்குத்தி பளிச்சென்று மின்னியது. சிரிக்கும்போது பல் வரிசை அத்தனை அழகு. அந்தப் பெண் யார் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், பெருந்தேவி மாமியின் சின்ன வயதுப் படம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"மாமி, மொதல்ல நான் காட்டுனதுதான் தப்பு. இதுதான்..." என்று வெங்கடேஸ்வரி ஆரம்பித்தாள்.

"நிறுத்துடி."

வெங்கடேஸ்வரிக்கு முகம் செத்துவிட்டது.

"பேச்சை இல்லடி, படத்தை. அங்கயே நிறுத்து. அசையாம நிறுத்து."

நிறுத்தினாள். மாமி நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அத்தைகள்ல ஒருத்தியாவது இப்போ உசுரோட இருந்திருக்கணும்டி" என்றார். நான் தேவையில்லாமல் இருமித் தொலைத்தேன்.

மாமி வளையல்களை மேலே தள்ளிவிட்டு, தன் வலது கையைத் திரைக்குப் பக்கத்தில், தாம்பாளம் பிடித்திருந்த அந்தக் கையருகே கொண்டுபோய் வைத்தார். படத்தில் அது விரற்கடை அளவுதான் இருந்தது. வெங்கடேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, அந்தக் கை இந்தக் கையின் அளவுக்கு வருகிறவரை படத்தை மெல்ல மெல்லப் பெரிதாக்கினாள்.