எனக்காக மிஞ்சிய அப்பம்

"ரெண்டு மாதம். கூடினால் மூன்று." டொக்டர் இதைச் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி ஞானம்மாவுக்கு வயிற்றில் கட்டி. அது ஈரல் வரைக்கும் போய்விட்டது. நாற்பத்தொரு வருடம் எனக்குச் சோறு போட்ட மனுஷி. அவ இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாங்கேணிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான்தான் அழுதேன். அவ அழவில்லை. "கொஞ்சம் சும்மா இருங்க, ஆக்கள் பாக்குறாங்க" என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினா.

நான் சம்மாட்டி, கரையிலிருந்து ஆள் வைத்து இழுக்கும் கரைவலைக்குச் சொந்தக்காரன். என் கோபம் ஊரறிந்தது. காகம் கத்தினாலும் அதோடு சண்டைக்குப் போவேன் என்று ஞானம்மா சொல்வா. அந்தக் கோபத்தால் நான் இழந்தது என் ஒரே மகன் ஜெயசீலனை.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, வலை போடப் போகையில் அவன் தடுத்தான். "அப்பா, இண்டைக்கு வேணாம். நீரோட்டம் மாறிக் கிடக்கு, வலை கல்லில மாட்டும்" என்றான். நான் கேட்கவில்லை. வலை கல்லில் மாட்டி நார் நாராய்க் கிழிந்தது. அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலை இழுக்கிற முப்பது பேருக்கு முன்னால் அவனுடைய கன்னத்தில் அறைந்தேன். அவன் அன்றே பெண்சாதி பிள்ளைகளோடு வாகரைக்குப் போய்விட்டான். "அவன் முழந்தாள் போடுற இடத்தில நான் முழந்தாள் போடமாட்டன்" என்று சொல்லி, நானும் கோயிலை விட்டேன்.

ஞானம்மா விடவில்லை. ஞாயிறு தவறாமல் கோயில். கிழமைக்கு ஒருநாள் மீன் குழம்புச் சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வாகரை பஸ் ஏறுவா. பேரப்பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பொழுதுபடத் திரும்புவா. அங்கே நடந்ததை எல்லாம் எனக்குக் கேட்கட்டும் என்று பூனைக்குச் சொல்வா. நானும் கேட்காத மாதிரிக் கேட்பேன்.

டொக்டர் சொன்ன நாள் முதல் நானும் என் பாட்டில் ஜெபித்தேன். "ஆண்டவரே, இவளை விட்டுவிடும்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவ கேட்டது வேறு.

"நான் சுகம் கேக்கல்ல. உங்களையும் மகனையும் ரெண்டு பக்கமும் வச்சு ஒருக்கா முழந்தாள் போடோணும். அதத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"வேற என்னத்தையும் கேள்" என்றேன். பாவி, அந்த நேரத்திலும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் லுத்தரன் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பந்திக்கு வருகிறவர்கள் சனிக்கிழமையே போதகர் வீட்டில் பெயர் கொடுக்க வேண்டும். எத்தனை பெயரோ, அத்தனை அப்பம்தான் போதகர் தட்டில் வைப்பார். அந்தச் சனிக்கிழமை ஞானம்மாவுக்கு எழும்ப முடியவில்லை. மடித்த துண்டுக் கடதாசி ஒன்றை என் கையில் தந்து, "இத மட்டும் குடுத்துட்டு வாங்க" என்றா. அதைக்கூட மறுத்தால் நான் மனுஷனே இல்லை. போனேன்.

வழியில் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பெயர். முதலாவது என்னுடையது, தேவசகாயம். மற்றது அவவுடையது. எனக்குக் கொதித்தது. போதகர் வீட்டு வாசலிலேயே, "ஐயா, பேனை ஒண்டு தாங்க. என்ட பேரை வெட்டோணும்" என்றேன்.

போதகர் என் மகன் வயதுக்காரர். சிரித்துக்கொண்டே பேனையைத் தந்தார். "வெட்டுங்க. ஆனா ரெண்டு இடத்தில வெட்டோணும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் மேசையிலிருந்து இன்னொரு கடதாசியை எடுத்து நீட்டினார். ஜெயசீலனின் கையெழுத்து. முதலாவது பெயர் என்னுடையது.

"உங்கட மகன் காலையில வந்து தந்துட்டுப் போனார். ஒவ்வொரு மாசமும் இப்படித்தான். அம்மாவும் உங்கட பேரைத் தருவா, அவரும் தருவார். நான் புதுசா வந்த நேரம், ஊரில ரெண்டு தேவசகாயம் இருக்கிறாங்களாக்கும் எண்டு நினைச்சன். ரெண்டு அப்பம் வைப்பன். ரெண்டும் மிஞ்சும். கடைசியில நான்தான் சாப்பிடுறது."

"இப்ப தெரியுந்தானே? பிறகும் ஏன் வைக்கிறீங்க?"

"பேர் தந்திருக்கே ஐயா."

பேனை என் கையிலேயே இருந்தது. நான் அறைந்த பிள்ளை, எட்டு வருடமாய் எனக்கு அப்பம் வைக்கச் சொல்லியிருக்கிறான். நான் அந்த வாசலில் குந்தி, சிறுபிள்ளை மாதிரி அழுதேன். பிறகு எழுந்து நேரே வாகரைக்கு பஸ் ஏறினேன்.

மகன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பதறி எழுந்தான். "அப்பா! அம்மாவுக்கு என்ன?"

"அம்மா இருக்கிறா. மனே, நீ சொன்னதுதான் சரி. அண்டைக்கு நீரோட்டம் மாறித்தான் கிடந்தது."

இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் எடுத்தது. அவன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் வீட்டுக்கே திருவிருந்தைக் கொண்டுவரப் போதகர் ஆயத்தமாய் இருந்தார். "வேணாம், நான் அங்க வாறன்" என்று ஞானம்மா பிடிவாதமாய் நின்றா. ஓட்டோவில் கொண்டுபோய், நானும் மகனும் இரண்டு பக்கமும் தாங்கி, பலிபீடத்தின் முன் முழந்தாளிட வைத்தோம். போதகர் அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பிறகு தட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது, அந்த இரண்டாவது தேவசகாயத்துடையது. முதல்நாள் இரவே நான் எல்லாம் சொல்லியிருந்தபடியால், அதைக் கண்டு ஞானம்மா அந்த இடத்திலேயே சிரித்துவிட்டா. நோய் வந்தபின் அவ சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

நான் கேட்டதையும் கர்த்தர் தள்ளிவிடவில்லை. இரண்டு மாதம் என்றார்கள். பதினான்கு மாதம் இருந்தா. டொக்டரே அவவின் கிளினிக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூத்த பேத்தி சபை முன் நின்று விசுவாசக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் திடப்படுத்தல் எடுத்த நாளில், அவளுடைய பதில்களை எல்லாம் முன்வரிசை வாங்கில் இருந்தபடி இவவும் முணுமுணுத்தா. ஒரு காலை, மகன் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கையில், "போதும் மனே" என்று சொல்லிக் கண்ணை மூடினா. பெட்டியை முன்னால் தூக்கியது நானும் அவனும். ஒரே அடி வைத்து நடந்தோம். எனக்கு நெஞ்சு வெடித்தது. ஆனாலும் சொல்கிறேன், என் ஞானம்மா தோற்றுப் போகவில்லை. கேட்டதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போனா.

இப்போது சனிக்கிழமைகளில் பெயர் கொடுக்கப் போவது நான். கரைவலையில் நீரோட்டம் பார்ப்பது மகன். அவன் வேண்டாம் என்றால் வலை கரையை விட்டு இறங்காது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் முறுக்கிக்கொண்டு நிற்கிற ஒரு ஆள் இருப்பார். அவருடைய பெயரைக் கர்த்தரிடம் கொடுங்கள். இந்த மாதம் வராவிட்டால் அடுத்த மாதமும் கொடுங்கள். அப்பம் மிஞ்சுகிறதே என்று சோர்ந்து போகாதீர்கள். நானே வந்தேன் என்றால், எவரும் வருவார்.