காவியில் எழுதிய பெயர்

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். இங்கிலீஷ் டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் ஒருநாள் வயிற்றுவலி என்று படுத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். அந்த நான், நாற்பத்தொன்பது வயதில், லோத்குண்டாவில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், பருப்பு டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கொரிய மொழி படித்தேன். அதுவும் பயத்தில்தான்.

மகளுக்கு ஆபீஸில் ஒரு கொரியப் பையனைப் பிடித்துப்போயிற்று. அவன் அம்மா ஊரிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றாள்.

"அவங்க சரின்னாதான் அவன் சரின்னுவான்மா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்காக நின்று பேச நான் ஒருத்திதான். எனக்கோ நாலு பேர் முன்னால் வாயே வராது.

இரண்டு மாதம் படித்தேன். பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால் கொடுக்க வேண்டும், இரண்டு கையால் வாங்க வேண்டும். சோற்றில் சாப்பிடுகிற குச்சியைக் குத்தி நிறுத்தக் கூடாது. நம் வீட்டில் குச்சி ஏது? இருந்தாலும் பயந்தேன். பேச்சு நாக்கில் தங்கவில்லை. எழுத்து மட்டும் எப்படியோ கையில் ஏறியது. அந்த அம்மாளின் பெயர் அசைக்கு ஒன்றாக மூன்றே கட்டம். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் அதையே எழுதி எழுதிப் பார்த்தேன்.

"கைக்கும்மா இவ்வளவு டென்ஷன்?" என்பாள் மகள். ‘கைக்கு’ என்றால் இந்த ஊர் உருதுவில் ‘ஏன்’. "இதெல்லாம் நக்கோ, வேணாம். நீ சும்மா சிரிச்சா போதும்."

அவர் வருகிற நாள் காலையில் வாசலைக் கழுவி மாக்கோலம் போட்டேன். கோலத்தைச் சுற்றிக் காவி பூசினேன். காவி இல்லாவிட்டால் அது நல்ல காரியத்துக்குப் போட்ட கோலமே இல்லை. அந்தக் காவியிலேயே விரலைத் தோய்த்து, நடுவில் அவர் பெயரை எழுதினேன். காய்ந்ததும் பளிச்சென்று நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அலறினாள்.

"அம்மா! பேரைச் சிவப்புலயா எழுதின? அவங்க ஊர்ல செத்தவங்க பேரைத்தான்மா அப்படி எழுதுவாங்க!"

"அந்த வீடியோவுல சொல்லலியேடி."

"எல்லாத்தையுமா சொல்வாங்க? அழி, அழிச்சிடு! கார் கேட்டுக்கிட்ட வந்துடுச்சு!"

ஈரத்துணியோடு குனிந்தேன். கை போகவில்லை. நம் வீட்டுக்கு வருகிற மனுஷியின் பெயரை, அவர் வருகிற நேரத்தில் வாசலிலிருந்து துடைத்து எடுப்பதா? விட்டாலும் அபசகுனம், அழித்தாலும் அபசகுனம். கிண்ணத்தில் மாவு மிச்சமிருந்தது. அதைத் தொட்டுக் காவிக் கோட்டின் மேலேயே கெட்டியாக இழுத்தேன். ஈரம் இருக்கிறவரை மாவு வெளுக்காது, காய்ந்தால்தான் வெள்ளை. அது அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

படியேறிவிட்டார்கள். பின்னால் பையன். முன்னால் அவர், குட்டையாக, தலையில் தொப்பி, கையில் ஒரு குட்டி பேட்டரி விசிறி. கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதம் படித்த வரவேற்பு வார்த்தை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. முட்டி போட்டபடி இருந்த எனக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்று:

"ஜம்கன்மன்யோ."

கொஞ்சம் இருங்கள் என்று அர்த்தம். சம்பந்தியாக வரவேண்டியவரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டேன். மகள் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

அவர் நின்றார். பையன் என்னவோ சொல்ல வந்தான். கையைக் காட்டி அடக்கினார். நான் மூன்றாவது கட்டத்தை முடிப்பதற்குள் முதல் கட்டம் ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். மெல்லக் குந்தி உட்கார்ந்து, விசிறியைத் திருப்பித் தன் பெயரின் மேல் பிடித்தார்.

கடைசிக் கோடும் வெள்ளையானதும் எழுந்து, மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தார். ஒரு பையை இரண்டு கையால் நீட்டினார். நானும் இரண்டு கையால் வாங்கினேன், மாவும் காவியுமாக. கையைத் துடைக்க மறந்தே போனேன்.

அவர்களை அனுப்பிவிட்டு வந்த மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சரின்னுட்டாங்கம்மா! கல்யாணத்தன்னைக்கும் வாசல்ல பேர் எழுதணுமாம். வெள்ளையில. அங்கிருந்து வர்ற எல்லார் பேரும்."

"எத்தனை பேருடி?"

"முப்பது."

எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. இந்தத் தடவை நிஜமாகவே.