கறுப்புப் பெயின்ட் அடித்த சிலிண்டர்

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'முள்ளு' என்றுதான் சொல்வார்கள். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமல், காற்றழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு பேசுகிற ஆள். ஏர் ரைபிளின் சிலிண்டரில் அடைத்த காற்று குறையக் குறையக் குண்டின் வேகமும் மாறும். பத்தாவது குண்டு பட்ட இடத்தில் முப்பதாவது படாது. இவர் ரெகுலேட்டர் பொருத்தி, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்று போகும்படி செய்து தருவார். அரை நாள் ஆனாலும் வேகம் சீராகும்வரை துப்பாக்கியைக் கீழே வைக்கமாட்டார்.

பட்டறை இருந்தது மனைவியின் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில். இடம் கொடுத்ததை மச்சான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதுவே இவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

மச்சானும் போட்டிகளுக்குப் போகிறவர். ஒரு போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் பெரிய சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"மாப்ள, பாதிப் போட்டியிலயே காத்து இறங்கிடுது. இதை மாட்டி செட் பண்ணிக் குடுங்க."

"எங்க வாங்குனீங்க மச்சான்?"

"தெரிஞ்சவர்கிட்டதான். புதுசு மாதிரி இருக்குல்ல?"

இருந்தது. கழுத்தோரம் மட்டும் கறுப்புப் பெயின்ட் தடிப்பாக இருந்தது. சிலிண்டர் எதுவரை தாங்கும் என்று சோதனைத் தேதி குத்தியிருக்கும் இடம் அது. கட்டைவிரலால் தடவினார், அடியில் எழுத்து மேடுபள்ளமாகத் தட்டுப்பட்டது. சுரண்டிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. பக்கத்திலேயே நிற்கிற மனிதரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று சுரண்டவில்லை.

ரெகுலேட்டரைத் திருத்தினார். சிலிண்டரைத் துப்பாக்கியில் மாட்டிக் காற்றேற்ற ஆரம்பித்தார். மச்சான் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, "ஏறுதா?" என்று சிரித்தார். ஏறியது. பாதியைக்கூடத் தாண்டவில்லை, வெடித்தது.

இவருக்கு வலது காது போயிற்று. மச்சானுக்கு இடது கை, மணிக்கட்டோடு.

விசாரிக்க வந்த அதிகாரி, காலாவதியான சிலிண்டருக்குப் பெயின்ட் அடித்து விற்றவன்மேல்தான் தப்பு என்று எழுதத் தயாராக இருந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, அப்படித்தானே?" என்று பேனாவைத் திறந்தார். தலையாட்டியிருந்தால் போதும்.

"தெரியும் சார். தடவிப் பாத்தேன். சுரண்டல."

வீட்டில் மனைவி அழுதாள். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இனிமே எங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" அவள் நின்றது கேட்காத காதுப் பக்கம். திரும்பி உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

துப்பாக்கி வேலை செய்யும் உரிமம் ரத்தானது. மச்சான் மனைவி பட்டறைச் சாமான்களைச் சாக்கில் கட்டித் தெருவில் வைத்தாள். இவர் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் எடை போடும் வேலைக்குப் போனார்.

எட்டு மாதம் கழித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு மச்சான் வீட்டுப் படியேறினார். மச்சான் கதவைப் பாதி திறந்து, "என்ன?" என்றார். மாப்ள என்ற வார்த்தை வரவில்லை. இவர் மச்சானின் வலது கையைப் பார்த்தார். நகங்களெல்லாம் பல்லால் கடித்துப் பிய்த்தவை.

"நகம் வெட்டி விடட்டுமா மச்சான்?"

மச்சான் உள்ளே போனார். நகவெட்டியோடு வந்து உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

இன்றும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகிறார். மச்சான் பேசுவதில்லை. ஐந்தாவது விரல் முடிந்ததும் எழுந்து கதவைத் திறந்துவிடுவார்.