நகர்த்தக் கூடாத அக்கா

எனக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். காது நன்றாகத்தானே கேட்கிறது, பிறகு எதற்கு இந்த ரகசியப் பேச்சு என்று எரிச்சல் வரும். அப்புறம் என்னைப் பற்றி நூறு கேள்வி. பக்கத்திலேயே என் அக்கா நின்றிருப்பாள். அவளிடம், தம்பியை நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறாயா என்பதோடு சரி. என்னைப் பற்றிப் பேசியது போதும். நான் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். அவளுக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் அளவு எடுப்பவர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எனக்கு மூன்று வயதானபோது, பார்வையில்லாத பிள்ளைகளுக்கு நடை பழக்கும் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கிளம்பும்போது, சாமான்களை இடம் மாற்றாமல் வைத்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது. எங்கள் அப்பா எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்.

அன்று மாலையே சாப்பாட்டு மேசையைத் தரையோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். அடுத்தது நாற்காலிகள். அதன் பிறகு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார வேண்டுமென்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். தொப்பை உள்ள விருந்தாளிகள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். செருப்பு, வாளி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் சுற்றிச் சாக்பீஸ் கோடு. வாளி அரை விரல் நகர்ந்திருந்தாலும் அப்பா விசாரணை வைப்பார்.

ஒருநாள் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தட்டுத்தடுமாறி வந்த நான் அவள் முழங்காலைப் பிடித்தேன், இடது பக்கம் திரும்பினேன், நேராக நடந்து குளியலறைக்குள் போய்விட்டேன். யார் கையையும் பிடிக்காமல் நான் போனது அதுதான் முதல் தடவை. அம்மா அழுதுவிட்டாள். அப்பா ஓடிப்போய்ச் சாக்பீஸை எடுத்துவந்து அக்காவின் பாதங்களைச் சுற்றிக் கோடு போட்டார்.

அவ்வளவுதான், ஏழு வயதில் என் அக்கா வீட்டுச் சாமான் ஆகிவிட்டாள். தினமும் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை அந்த முக்காலியில் இருக்க வேண்டும். விருந்தாளி யாராவது அவளைப் பக்கத்தில் கூப்பிட்டால், அவளை நகர்த்த வேண்டாம் என்று அம்மா பதறுவாள். பெரியம்மா ஒருமுறை அவளை இழுத்து மடியில் உட்காரவைத்ததற்காக அப்பா ஒரு வருடம் பெரியம்மாவோடு பேசவில்லை. காய்ச்சல் வந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு இடித்த புளி மாதிரி அங்கேயே இருப்பாள். மாதம் பிறந்தால் அப்பா டேப்பை எடுத்து வந்து தரையிலிருந்து அவள் முழங்கால் வரை அளப்பார். அளவு எடுப்பது அவர் தொழில் அல்லவா. அக்கா வளர வளர முழங்காலும் உயர்ந்துகொண்டே போனது. பிள்ளை குழம்பிவிடுவானே என்று அவருக்கு ஒரே கவலை. கொஞ்சம் மெதுவாக வளரக் கூடாதா என்று அவளிடமே கேட்டார். முயற்சி பண்ணுகிறேன் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா போனபோது மட்டும் விடுமுறை கிடைத்தது. அதற்கும் அம்மா ஒரு தலையணைக்கு அக்காவின் சீருடையை மாட்டி முக்காலியில் கட்டிவைத்துவிட்டுத்தான் அனுப்பினாள். எனக்கு அது தலையணை என்று தொட்டதுமே தெரிந்தது. இருந்தாலும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன அக்கா இளைத்துவிட்டாய், சரியாகச் சாப்பிடுவதில்லையா என்று அரை மணி நேரம் குசலம் விசாரித்தேன். அம்மா அடுப்படியில் விசும்பிக்கொண்டிருந்தாள். நான் அப்படியொன்றும் நல்ல பிள்ளை இல்லை.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அதே டீச்சர் மறுபடி வந்தார். என்னைப் போன்ற பிள்ளைகளின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகள் மட்டும் சனிக்கிழமைதோறும் கூடப்போகிறார்களாம், அக்காவை அனுப்ப வேண்டுமாம். எனக்கு இடமில்லை என்றதும் மூக்கு விடைத்துக்கொண்டது. அம்மாவுக்கோ வேறு சந்தேகம்.

"அவளுக்குத்தான் ஒண்ணும் இல்லையே?"

"அதுக்குத்தாங்க கூப்பிடறேன்," என்றார் டீச்சர்.

அக்கா போனாள். அங்கே ஒரு பையன், தங்கைக்கு வழி சொல்லிச் சொல்லிப் பழகி, தனியாகப் போகும்போதும் "படி, படி, திருப்பம்" என்று சொல்லிக்கொண்டே இறங்குவானாம். இன்னொருத்தி பரீட்சை எழுதும்போது விடையைச் சத்தமாகப் படித்துவிட்டு வெளியே அனுப்பப்பட்டவளாம். இதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீடு திரும்பினால் அவள் குரலே வேறாக இருக்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, அவரவர் வீட்டை வரைந்து அதில் தங்களையும் வரையச் சொல்லியிருக்கிறார் டீச்சர். அக்கா கட்டிலையும் மேசையையும் வாளியையும் வரைந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் "நான், நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்" என்று எழுதியிருந்தாள். டீச்சர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது போன மாச அளவுங்க. இப்ப நாப்பத்தி மூணு."

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு, தினமும் ஒரு மணி நேரமாவது அந்தப் பெண்ணை அவள் போக்கில் விடச் சொன்னார். தான் முன்பு சொன்ன வாக்கியத்துக்காக மன்னிப்பும் கேட்டார். அப்பாவுக்கு மன்னிப்பு காதில் விழவில்லை, ஒரு மணி நேரம் என்பது மட்டும் விழுந்தது. ஏழு பத்து முதல் எட்டு பத்து வரை என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். அந்த ஒரு மணி நேரமும் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்து அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புத்தகம் எடுத்தால், அது பள்ளிக்காகவா உனக்காகவா என்பார். படுத்தால், தூக்கம் கணக்கில் வராது என்பார். எழுந்தால், இன்னும் இருபது நிமிடம் நீ உனக்காக இருக்க வேண்டும் என்று உட்காரவைப்பார். அவள் அதே முக்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் வேறெங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பதினெட்டு வயதில் அக்கா யாரிடமும் சொல்லாமல் ஒரு விண்ணப்பம் போட்டாள். கட்டடம் கட்டும் இடங்களில் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற கிரேன் இருக்கிறதே, அதற்கான பயிற்சி. வேறு ஊர், விடுதி, பதினான்கு மாதம். இடம் கிடைத்துக் கடிதமும் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அம்மா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். அக்கா உடனே, எனக்கு உயரம் என்றால் பயம், போகவில்லை என்றாள். அப்பா பெருமூச்சு விட்டார். அவளே வேண்டாம் என்கிறாள், நாம் என்ன செய்ய முடியும் என்று இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். அவள் சொன்னது பொய் என்று குரலிலேயே எனக்குத் தெரிந்தது. அவள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் நடக்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறே கால் மணி. அக்கா முக்காலியில் இருந்தாள். நான் போய் முழங்காலைப் பிடித்தேன், திரும்பவில்லை.

"ஏன் போகலங்கற?" என்று கேட்டேன்.

"நான் போயிட்டா நீ எப்படிடா பாத்ரூம் போவ?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அந்த வழி எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். பிறகு ஏன் எட்டு வருடம் அவள் முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் போனேன்? எனக்காக அவள் அங்கே காத்திருக்கிறாளே, நேராகப் போனால் மனம் உடைந்துவிடுவாளே என்றுதான். அவள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக, ஒன்றுக்கு வராத நாளிலும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறேன். இதையெல்லாம் சொன்னேன். நான் செய்த தியாகத்துக்கு அவள் உருகிப்போவாள் என்று எதிர்பார்த்தேன்.

பளார் என்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் அடி. பார்வையில்லாத பிள்ளை என்று அதுவரை ஒருவரும் என்னைத் தொட்டதில்லை. காது ரீங்காரமிட்டது, கண்ணில் நீர் வந்தது, உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, கண்ணு தெரியாத பிள்ளையை அடிக்கிறாயே பாவி என்றாள்.

"என் தம்பியத்தான் அடிச்சேன்," என்றாள் அக்கா. "எட்டு வருஷம். சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

எழுந்து நின்றாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்து, மெல்லிய குரலில், இன்னும் ஏழாகவில்லையே என்றார். அக்கா அவரைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அம்மா என் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா அந்த முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்று அக்காவுக்கு நாற்பது வயது. இருபது மாடி உயரத்தில், ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டிலிருந்து இரும்புக் கம்பிக் கட்டுகளைத் தூக்கி இறக்குகிறாள். கீழே நிற்பவர்கள் அவளைக் கிரேன்காரி என்பார்கள். கோபக்காரி என்றும் சொல்வார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமைக் காலையைப் பற்றி.

பஸ் நிறுத்தம் வரை நான் மட்டும் கூட வந்தால் போதும் என்றாள். எப்போதும் தெருவில் இறங்கினால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து நடப்பேன். அன்று அவள் இரண்டு கையிலும் பை. வா என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். நான் கோலைத் தட்டிக்கொண்டு பின்னால் போனேன். அவள் செருப்புச் சத்தம் பத்தடி முன்னால் கேட்டது, பிறகு இருபதடி, பிறகு தெருமுனையில். அக்கா இவ்வளவு வேகமாக நடப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருடமும் எனக்காக நடையைச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் ஓடினேன். பஸ் நிறுத்தம் வரை என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை.